லேப்டாப் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது?

மாமா: மாப்பிள்ளை, இன்றைக்குத் தேதி 15. வேட்டி, துண்டு எல்லாம் மடித்து வைத்துவிட்டேன். உங்கள் லேப்டாப் எத்தனை மணிக்கு வரும் என்று சொன்னால், கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டு மதியம் தாம்பரத்தில் வைகையைப் பிடிப்பேன்.

மாப்பிள்ளை: அது வந்து மாமா... இன்றைக்கு வராது. தேதி 22 என்று மாறியிருக்கிறது. நேற்று ராத்திரி மெயில் வந்தது.

மாமா: ராத்திரி எத்தனை மணிக்கு?

மாப்பிள்ளை: 11:40.

மாமா: அதாவது 15ஆம் தேதி பிறக்க 20 நிமிஷம் இருக்கும்போதுதான், 7 நாள் லேட் என்பது அவர்களுக்குத் தெரிய வந்தது. காரணம் என்ன போட்டிருக்கிறார்கள்?

மாப்பிள்ளை: 'எதிர்பாராத காரணங்களால்' என்று.

மாமா: எதிர்பாராத காரணம் என்றால்? மாடு குறுக்கே வந்ததா? தண்டவாளத்தில் விரிசலா? யாராவது சங்கிலியைப் பிடித்து இழுத்தார்களா?

மாப்பிள்ளை: அதெல்லாம் எழுத மாட்டார்கள் மாமா.

மாமா: நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது என் ஸ்டேஷனில் ஒரு வண்டி 5 நிமிஷம் கூடுதலாக நின்றால் கன்ட்ரோலர் போனிலேயே பிடித்துக்கொள்வார். ரெஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். 'எதிர்பாராத காரணம்' என்று எழுதியிருந்தால் மறுநாள் எனக்கு எதிர்பார்த்த மெமோ வந்திருக்கும். சரி, போகட்டும். இப்போது எந்த ஸ்டேஷனில் நிற்கிறது?

மாப்பிள்ளை: 'இன் புரொடக்‌ஷன்' என்று காட்டுகிறது.

மாமா: அது எந்த லைனில் இருக்கிறது?

மாப்பிள்ளை: ஊர் இல்லை மாமா. இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாமா: செய்துகொண்டிருக்கிறார்களா? நான் அது வந்துகொண்டிருக்கிறது என்றல்லவா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! பெல் அடித்தால் காதில் விழாதே என்று பாத்ரூமில் குழாயைக்கூட நூல் மாதிரிதான் திறந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை: அந்த 15ஆம் தேதியும்கூட... அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் தேதிதான் மாமா. வீட்டுக்கு வந்து சேருவதற்கு அப்புறம் தனியாக ஒரு வாரம். கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

மாமா: எழும்பூரில் வைகை கிளம்புகிற நேரத்தை மதுரை ஜங்ஷன் போர்டில் வந்துசேரும் நேரமாக எழுதி வைத்தால், மதுரைக்காரர்கள் ஸ்டேஷன் மாஸ்டரைச் சும்மா விடுவார்களா? இங்கே அந்த வண்டிக்கு ரேக்கே, அதாவது பெட்டி வரிசையே, வரவில்லை. அதற்குள் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' சொல்லிவிட்டான்.

மாப்பிள்ளை: ஆர்டர் போடும்போது 12 முதல் 14 வேலை நாள் என்றுதான் இருந்தது மாமா.

மாமா: அந்தத் தினசரி காலண்டரை எடுங்கள். சனி, ஞாயிறு கிடையாது. சரி. அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, கிடையாது. ஆயுத பூஜை கிடையாது. அப்புறம்?

மாப்பிள்ளை: தொழிற்சாலை சீனாவில் இருக்கிறது. அங்கே அக்டோபர் 1 அவர்களுக்குத் தேசிய தினம், ஒரு வாரம் லீவு விடுவார்கள்.

மாமா: நம் லீவும் உண்டு, அவர்கள் லீவும் உண்டு. அஷ்டமி, நவமி?

மாப்பிள்ளை: மாமா...

மாமா: இல்லை, கழித்தால் மொத்தமாகக் கழித்துவிடலாமே என்று கேட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் லேப்டாப் செய்கிறார்கள் என்று பேப்பரில் படித்தேனே. இங்கேயிருந்து பஸ்ஸில் போனால் சாயங்காலம் காபிக்கு வந்துவிடுவேன்.

மாப்பிள்ளை: அங்கே நிறைய விற்கிற மாடல்களைத்தான் மொத்தமாகப் போடுவார்கள் மாமா. நான் கேட்டது தனியாக அமைத்துத் தருவது. 32 ஜிபி ராம், 1 டிபி ஸ்டோரேஜ், கண்ணைக் கூசாத மேட் திரை, இருட்டில் எரிகிற கீபோர்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன், கையோடு தருகிறேன் என்றார், ஆனால் 16 ஜிபிதான்.

மாமா: அவரிடமே வாங்கி, இன்னொரு 16 போடச் சொல்லக் கூடாதா?

மாப்பிள்ளை: இந்த மாடலில் முடியாது. மெல்லிசாக இருக்க வேண்டும் என்று ராமை உள்ளே இருக்கிற மெயின் போர்டோடு சேர்த்துச் சாலிடர் செய்துவிடுகிறார்கள். 32 வேண்டுமென்றால் அந்த போர்டையே 32 உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். அந்த போர்டு கையிருப்பில் இல்லையென்றால், மற்ற எல்லாம் தயாராக இருந்தாலும் மொத்தமும் நிற்கும்.

மாமா: இது புரிகிறது. ஒரு கோச் 'சிக்' ஆனால் அதைக் கழற்றி வேறு மாட்டுகிற வரைக்கும் மொத்த ரேக்கும் யார்டில் கிடக்கும். நியாயம்தான். இதை அந்த மெயிலில் எழுதினால் என்ன? 'போர்டு இல்லை, வந்ததும் செய்கிறோம்.' இரண்டு வரி. நான் வேட்டியை மடித்திருக்க மாட்டேன்.

மாப்பிள்ளை: எல்லாருக்கும் ஒரே மெயில்தான் மாமா. தானாகப் போவது.

மாமா: 32 ஜிபியைத் தேர்ந்தெடுத்தீர்களே, அப்போது விலை எவ்வளவு கூடும் என்று காட்டியதா?

மாப்பிள்ளை: உடனே காட்டியது. தொட்ட மறு நொடி.

மாமா: எத்தனை நாள் கூடும் என்று?

மாப்பிள்ளை: அது... காட்டவில்லை.

மாமா: காட்டாது.

(இந்த இடத்தில் மருமகன் செல்போனை எடுத்து, ஏதோ முக்கியமான செய்தி வந்ததுபோல் பார்க்கிறார். ஒன்றும் வரவில்லை. ஆர்டர் பக்கத்தைத்தான் மறுபடி திறக்கிறார். கீழே இழுத்து விட்டால் தேதி மாறும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடம்தான் அதிகம்.)

மாமா: தப்பாக நினைக்காதீர்கள், லேட் ஆவதை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் பார்க்காத லேட்டா? 'காலவரையறையின்றித் தாமதம்' என்று போர்டில் சாக்பீஸால் எழுதிவிட்டு, அந்த போர்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். வருகிறவர் போகிறவர் எல்லாம் திட்டுவார்கள். திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தான். நீங்கள் யாரைத் திட்டினீர்கள்?

மாப்பிள்ளை: போன் பண்ணினேன் மாமா. 24 முதல் 48 மணி நேரத்தில் தகவல் வரும் என்றார்கள்.

மாமா: வந்ததா?

மாப்பிள்ளை: வந்தது. '24 முதல் 48 மணி நேரத்தில் தகவல் தருகிறோம்' என்று.

மாமா: ரைட் டைம்.

மாப்பிள்ளை: அந்தப் பெண்ணும் பாவம் மாமா. அவர் திரையிலும் இதே தேதிதான் தெரியுமாம்.

மாமா: பாவம்தான். எங்கேயோ உட்கார்ந்து தேதி போடுகிறவனுக்குத் தொழில் தெரியவில்லை. ரயில்வேயில் டைம்டேபிள் போடுகிறவர்கள் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் தாராளமாக நேரம் விட்டு வைப்பார்கள். தாம்பரத்துக்கு லேட்டாக வந்த வண்டி எழும்பூரில் ரைட் டைம் ஆவது எப்படி என்று நினைத்தீர்கள்? டிரைவர் பறக்கவா செய்கிறார்? இவன் 30 என்று போட்டுவிட்டு 22ஆம் தேதி கொண்டுவந்து கொடுத்தால் நீங்கள் அவனைக் கும்பிடுவீர்கள்.

மாப்பிள்ளை: 30 என்று போட்டிருந்தால் நான் வேறு கம்பெனியில் வாங்கியிருப்பேன் மாமா.

மாமா: ஆக, அவனுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

மாப்பிள்ளை: ...

மாமா: 15 என்பது லேப்டாப் வருகிற தேதி இல்லை மாப்பிள்ளை. நீங்கள் பணம் கட்டுவதற்காகப் போட்ட தேதி. அது சரியாக வேலை செய்துவிட்டது. தவணையா, மொத்தமாகவா?

மாப்பிள்ளை: இஎம்ஐ. மாதம் 5ஆம் தேதி பிடிப்பார்கள்.

மாமா: இந்த மாதம் பிடித்தார்களா?

மாப்பிள்ளை: பிடித்துவிட்டார்கள்.

மாமா: 4ஆம் தேதி ராத்திரி 11:40க்கு, 'எதிர்பாராத காரணங்களால் உங்கள் தவணை 12ஆம் தேதிக்குத் தள்ளிப்போகிறது' என்று மெயில் வந்ததா?

மாப்பிள்ளை: வரவில்லை.

மாமா: ரைட் டைம்.

மாப்பிள்ளை: கேன்சல் செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பணம் திரும்பி வர 7 முதல் 10 வேலை நாள் ஆகுமாம்.

மாமா: காலண்டரை எடுங்கள்.

மாப்பிள்ளை: வேண்டாம் மாமா. ஆனால் உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. சீனாவில் சோங்கிங் என்று ஒரு நகரம், லேப்டாப் செய்கிற பெரிய இடம். அங்கேயிருந்து ஜெர்மனியில் டூயிஸ்பர்க் வரைக்கும் லேப்டாப்பை ரயிலில் அனுப்புகிறார்கள். 2011லிருந்து ஓடுகிறது. சுமார் 11,000 கிலோமீட்டர்.

மாமா: (நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு) எந்த வழி?

மாப்பிள்ளை: கஜகஸ்தான், ரஷ்யா, பெலாரஸ், போலந்து.

மாமா: கேஜ்? தண்டவாள அகலம்?

மாப்பிள்ளை: சீனாவில் 1,435 மில்லிமீட்டர். கஜகஸ்தானுக்குள் நுழைந்ததும் 1,520. போலந்தில் மறுபடி 1,435.

மாமா: அப்படியானால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்! விழுப்புரத்தில் மீட்டர் கேஜ் இருந்த காலத்தில் நான் பார்த்திருக்கிறேன், சரக்கை ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஆளை விட்டுச் சுமக்க வைப்பார்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள்?

மாப்பிள்ளை: கன்டெய்னரை அப்படியே கிரேனில் தூக்கி அடுத்த வண்டியில் வைத்துவிடுகிறார்கள்.

மாமா: எத்தனை நாள்?

மாப்பிள்ளை: இரண்டு வாரம், கொஞ்சம் முன்னே பின்னே.

மாமா: அத்தனை நாடு, அத்தனை கஸ்டம்ஸ், இரண்டு கேஜ் மாற்றம். இரண்டு வாரத்தில் ஜெர்மனிக்காரன் கையில் லேப்டாப். நமக்கு எப்படி வரும், கப்பலா?

மாப்பிள்ளை: என்னுடையது விமானத்தில் மாமா. ஒரு நாள்கூட ஆகாது.

மாமா: ஒரு நாள் பயணம். அதற்கு ஒரு மாதமாகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்திருப்பது நீங்கள்கூட இல்லை, நான். உங்கள் லேப்டாப்புக்கு வழி விட வேண்டும் என்று என்னை லூப் லைனில் போட்டுவிட்டு, நீங்களும் என் பெண்ணும் மெயின் லைனில் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: ஐயோ, அப்படி இல்லை மாமா. ஓடிபி சொல்லி வாங்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அதனால்தான் அவள் உங்களை...

மாமா: ரிசர்வ் பண்ணுவதும் கேன்சல் பண்ணுவதுமாக இருக்கிறேன். விருத்தாசலத்தில் தென்னைக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் தெரியுமா? யாரும் இல்லை. இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்னால்தான் ரிசர்வேஷனே திறக்கிறார்கள். அதற்கு அப்பால் உங்கள் தேதி போனால் எனக்கு டிக்கெட் போடவே வழி இல்லை.

(காலிங் பெல் அடிக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறார்கள்.)

மாப்பிள்ளை: மாமா! டெலிவரி! கம்பெனி பேர் போட்ட பெட்டி! 22 என்று போட்டுவிட்டு இன்றைக்கே கொடுத்துவிட்டார்கள் பாருங்கள். நீங்கள் சொன்னீர்களே, தாராளமாக நேரம் விட்டு வைப்பது, அதேதான்!

மாமா: ஓடிபி சொல்லுங்கள் முதலில். தம்பி, நீ கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் போ. மாப்பிள்ளை, பெட்டி காற்றுப்போல இருக்கிறதே. 32 ஜிபி என்றால் எடை குறையுமா?

மாப்பிள்ளை: (பிரித்துவிட்டு, சற்று நேரம் பேசாமல்) பை மாமா.

மாமா: என்ன பை?

மாப்பிள்ளை: லேப்டாப் வைக்கிற பை. இலவசமாகத் தருகிறோம் என்று சொன்னார்கள். அது தனியாக வருமாம்.

மாமா: வண்டியின் கடைசியில் வருகிற கார்டு பெட்டி பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது. எஞ்சின் இன்னும் செய்துகொண்டிருக்கிறான். கொடுங்கள் இங்கே. ஜிப் நன்றாக இருக்கிறது. இது என்ன, நடுவில் மெத்தை வைத்த அறை?

மாப்பிள்ளை: அதில்தான் லேப்டாப் வைக்க வேண்டும்.

மாமா: வேட்டி கச்சிதமாகப் பிடிக்கிறது. பக்கத்தில் சார்ஜர் வைக்கிற இடத்தில் தைல பாட்டில். முன்னால் துண்டு. பேஷ்.

மாப்பிள்ளை: மாமா, அது என் லேப்டாப் பை!

மாமா: மதியம் வைகையில் போகிறேன். லேப்டாப் வரும்போது சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

மாப்பிள்ளை: எப்போது தருவீர்கள்?

மாமா: 12 முதல் 14 வேலை நாள்.