வீட்டுக்கு இத்தனை ஓட்டு என்று கணக்குச் சொல்லாதீர்கள்

தேர்தல் நெருங்கிவிட்டால் எந்தக் கட்சிக்காரர் வாசலுக்கு வந்தாலும் முதலில் கேட்பது, "உங்க வீட்ல எத்தனை ஓட்டு?" என்பதுதான். வீட்டுத் தலைவர் என்று அவர்கள் யாரைக் கருதுகிறார்களோ அவரும் சற்றும் தயங்காமல், "நாலு ஓட்டு இருக்குதுங்க, நமக்குத்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்த நால்வரில் ஒருவர் சமையலறையில் இருப்பார், ஒருவர் கல்லூரிக்குப் போயிருப்பார், ஒருவர் கட்டிலில் படுத்திருப்பார். அவர்கள் யாரிடமும் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் ஒரு குடும்பஸ்தன், முருகனை வணங்குபவன், எனக்கென்று ஒரு கட்சிச் சார்பும் உண்டு. அப்படிப்பட்டவனாக இருந்துகொண்டே சொல்கிறேன், இந்தக் கணக்கு தவறு. வாக்கும் வழிபாடும் வீட்டின் பொதுச் சொத்துகள் அல்ல. அவை அந்த வீட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியவை.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை வந்துவிட்டது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அது சொத்தும் வரியும் பார்த்துத் தரப்பட்ட உரிமை. பின்னர் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த தேர்தல்களில், கணவனுக்குச் சொத்துத் தகுதி இருந்தால் அவனுடைய மனைவி என்ற முறையில் ஒரு பெண் வாக்காளர் ஆகலாம் என்று வைத்திருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், பெரும்பாலும் வட மாநிலங்களில், தம் பெயரைச் சொல்லாமல் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்று மட்டுமே பதிவு செய்துகொண்ட ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. சொந்தப் பெயர் இல்லாமல் வாக்கு இல்லை என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். அந்த உறுதியின் பலனைத்தான் இன்று அனுபவிக்கிறோம். 2024 மக்களவைத் தேர்தலின்போது தமிழ்நாட்டின் பட்டியலில் பெண்கள் 3.17 கோடி, ஆண்கள் 3.06 கோடி. பட்டியலில் பெண்கள் முந்திவிட்டார்கள். ஆனாலும் வாசலில் நின்று "நாலு ஓட்டு" என்று சொல்லும் குரல் இன்னும் பெரும்பாலும் ஆணின் குரலாகவே இருக்கிறது.

உறவினர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாக்குப்பதிவு முடிந்த மாலையில் சித்தப்பாவும் மைத்துனரும் சகலையும் கூடும்போது "யாருக்குப் போட்ட?" என்று கேட்பது நம் வீடுகளில் சாதாரணம். அன்பின் பெயரால் கேட்கிறார்கள் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 94-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தால் நன்றாக இருக்கும். தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லும்படி எந்தச் சாட்சியையும், வேறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அந்தப் பிரிவு. நீதிமன்றக் கூண்டில் நின்று சத்தியப் பிரமாணம் எடுத்தவர்கூட அந்த ஒன்றைச் சொல்ல வேண்டியதில்லை என்று நாடு ஒருவருக்கு உறுதி கொடுத்திருக்கும்போது, வீட்டுத் திண்ணையில் வைத்து ஒரு மருமகளை அதைச் சொல்ல வைப்பது எந்த வகையில் நியாயம்? அவள் சொன்ன பதில் பிடிக்கவில்லை என்றால் அதற்கு அடுத்த பொங்கல் வரை முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கும் உறவினர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் தாயாருக்குக் கண்பார்வை மிகவும் மங்கிவிட்டது. சென்ற முறை அவரை நான்தான் வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றேன். பார்வையில்லாதவர்களும் உடல் நலிந்தவர்களும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம் என்று விதி இருக்கிறது. அப்படித் துணைக்குப் போகிறவர், வாக்கின் இரகசியத்தைக் காப்பேன் என்றும், அன்றைய தினம் வேறு எவருக்கும் துணையாகச் செல்லவில்லை என்றும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை அதிகாரி என் முன் வைத்தபோது, பெற்ற தாயின் விஷயத்தில் மகனிடமே எழுதி வாங்குகிறார்களே என்று வரிசையில் நின்ற ஒருவர் ஆச்சரியப்பட்டார். எனக்கோ அந்தத் தாளின் மேல் பெரும் மரியாதை வந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் சென்றதும் அம்மா என் தோளைப் பிடித்துக் கீழே இழுத்து, காதருகே ஒரு சின்னத்தின் பெயரைச் சொன்னார். நான் வேட்பாளர் வரிசையை மெதுவாக அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, அவர் விரலைப் பிடித்து அந்தப் பொத்தானின் மேல் வைத்தேன். அருகிலிருந்த இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு தெரிந்த அந்த 7 வினாடிகளும், சரியான சின்னம்தான் விழுந்திருக்கிறதா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஆமாம் என்றேன். அது நான் ஆதரிக்கும் சின்னமா, வேறு சின்னமா என்பதை என் மனைவியிடமும் சொல்லவில்லை, இங்கும் எழுதப் போவதில்லை.

வெளியே வந்ததும் உறவினர் ஒருவர், கட்சிக் கரை வேட்டி கட்டியவர், "அம்மா ஓட்டு நமக்குத்தானே?" என்று என்னைக் கேட்டார். அம்மா அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போது என்னைக் கேட்டார் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இனிச் சொல்லப் போவது இதைவிடக் கனமானது. வாக்குக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் நம் மாநிலத்தில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்கு, 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017-இல் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தல் இரத்து செய்யப்பட்டதே சாட்சி. அந்தப் பணமும் வீட்டுக் கணக்கில்தான் வருகிறது. எத்தனை ஓட்டு என்று கேட்டு, அத்தனைக்கும் சேர்த்து ஒரே கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாங்கிய கை வீட்டில் மற்றவர்களின் வாக்கையும் சேர்த்து விற்றுவிடுகிறது. சில இடங்களில் அத்தோடும் விடுவதில்லை. சாமி படத்தின் மேல் கை வைக்கச் சொல்கிறார்கள், அல்லது கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குகிறார்கள்.

எனக்கு அத்தை முறையாகும் ஒரு மூதாட்டி அப்படிக் கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்தவர். பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தது வெளியாள் அல்ல. சொந்த அண்ணன் மகன். சாவடிக்குள் போனதும் அத்தைக்கு மனம் வேறாகச் சொல்லியிருக்கிறது, வேறு சின்னத்தில் அழுத்திவிட்டார். அடுத்த மாதம் பேரனுக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தபோது, தன் பொய்ச் சத்தியம்தான் பிள்ளையைத் தாக்கிவிட்டது என்று அவர் நம்பினார். மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்துவைத்து, நெற்றி முழுக்கத் திருநீறு பூசிக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். பிள்ளைக்கு வந்தது கொசுவால் வந்த காய்ச்சல் என்று மருத்துவர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் சத்தியம் வாங்கிய அந்த அண்ணன் மகனுக்கு, தான் என்ன செய்தோம் என்பது இன்றுவரை உறைக்கவில்லை.

தெய்வத்தை நம்புகிறவன் என்ற முறையில் எனக்கு இதைவிட வேதனை தருவது வேறில்லை. ஒரு கிழவியின் பக்தியைப் பிடித்து அவள் விரலைத் திருப்புவதற்குக் கற்பூரத்தைப் பயன்படுத்துவது தெய்வ நிந்தனை. கோயிலுக்கே போகாத ஒருவன் பேசும் எந்தப் பேச்சும் இந்த அளவுக்கு என் மனத்தைப் புண்படுத்தியதில்லை. சட்டமும் இதை எப்போதோ கண்டுகொண்டுவிட்டது. 1920-இல் தண்டனைச் சட்டத்தில் தேர்தல் குற்றங்களைச் சேர்த்தபோதே, வாக்களிப்பவர் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவார் என்று நம்பவைத்து அவரைத் திருப்ப முயல்வது குற்றம் என்று எழுதிவைத்தார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவிலும் அது முறைகேடாகவே இருக்கிறது. ஆகவே அத்தையிடம் நான் இரண்டையும் சொன்னேன். சத்தியம் செய்த உங்கள் மேல் குற்றமில்லை, வாங்கியவர் மேல்தான் குற்றம் என்று சட்டத்தைச் சொன்னேன். மிரட்டி வாங்கிய வாக்குறுதிக்காகக் குழந்தையைத் தண்டிக்கும் முருகனை நான் அறியேன் என்று என் நம்பிக்கையையும் சொன்னேன். இரண்டாவதைச் சொன்ன பிறகுதான் அவர் முந்தானையை எடுத்தார்.

வழிபாட்டிலும் இதே கட்டாயத்தை நாம் வேறு வடிவத்தில் செய்துகொண்டிருக்கிறோம். நம் குடும்பங்களைப் பாருங்கள். கறுப்புச் சட்டை அணிந்த தாத்தா, செவ்வாடை உடுத்தி மேல்மருவத்தூர் போகும் பெரியம்மா, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடந்து போகும் சித்தி, எதிலும் ஒட்டாத கல்லூரி மாணவன் என்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தாம் நாம். அரசமைப்பின் 25-ஆவது பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் எல்லா நபர்களுக்கும் தந்திருக்கிறது, குடும்பத் தலைவர்களுக்கு மட்டும் அல்ல. நம்பாத பையனை நெற்றியில் திருநீறு இல்லை என்று விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவதையும், நம்புகிற மருமகளை மூடநம்பிக்கைக்காரி என்று மாமனார் தினமும் குத்திப் பேசுவதையும் நான் ஒரே தட்டில்தான் வைக்கிறேன்.

கருத்து வேறுபட்டால் உறவு அறுந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்குப் பெரியாரையும் இராஜாஜியையும் காட்டலாம். அரசியலிலும் சமயத்திலும் அந்த இருவரைப் போல் எதிரெதிராக நின்றவர்கள் தமிழ்நாட்டில் அரிது. மேடையில் ஒருவரையொருவர் விட்டுவைத்ததில்லை. ஆனாலும் 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை வந்து கண்ணீர் விட்டு அழுதார். அவர்கள் எதையும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொள்ளவில்லை, எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. நம் வீட்டு மைத்துனர்களுக்கு இடையே இருப்பது அதைவிடப் பெரிய வேறுபாடா?

"ஒரே வீட்டுக்குள்ளே என்ன ஒளிவுமறைவு?" என்று என் மாமா கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வீட்டில் அரசியல் பேச வேண்டும், சத்தமாகவே பேச வேண்டும், விவாதிக்க வேண்டும். விலைவாசியைப் பற்றியும், பள்ளிக்கூடத்தைப் பற்றியும், கோயில் நிர்வாகத்தைப் பற்றியும் பேசாத குடும்பம் எப்படி நல்ல குடிமக்களை உருவாக்கும்? நான் மறுப்பது பேச்சை அல்ல. பேச்சு முடிந்த பிறகு ஒருவர் எடுக்கும் முடிவுக்கு இரசீது கேட்பதைத்தான் மறுக்கிறேன். தானாகச் சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும், அது அவருடைய உரிமை. சொல்லாதவரை ஏன் என்று கேட்காதிருப்பது நம் கடமை. வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு சாவடிவாரியாக எண்கள் வெளியாகும்போது, "நம்ம தெருவுல இத்தனை குறையுது, நம்ம ஆளுங்கள்ல யாரு மாத்திப் போட்டது?" என்று துப்புத் துலக்குவதும் இதில் அடங்கும்.

என் மகளுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது. இப்போதெல்லாம் ஜனவரி 1 மட்டுமின்றி ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளையும் தகுதி நாளாகக் கொள்வதால், அவள் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்துத் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் வந்தன. கூடவே, "நம்ம கட்சிக்கு ஒரு புது ஓட்டு" என்று மைத்துனர் எழுதினார். மற்றொரு பக்கத்து உறவினர் உடனே எதிர்க்கட்சியின் கொடியைப் போட்டார். அவர்கள் இருவரிடமும் நான் சொன்னது இதுதான். அவளுடைய வாக்கு வேண்டுமென்றால் என்னிடம் கேட்காதீர்கள், அவளிடம் நேரில் வந்து பேசுங்கள். எங்கள் பகுதிக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகு ஏன் நகரப் பேருந்து வருவதில்லை, படித்து முடித்த பெண்களுக்கு ஊர்ப்பக்கமே ஏன் வேலை இல்லை, வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் உள்ள வழக்குகள் எதைப் பற்றியவை என்று அவள் கேட்பாள். பதிலைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.