மலையேறும் வண்டிக்கு முதலில் வழி

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை, அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைக்கும் முறையை பந்தயத்தின் நடுவே சில நொடிகளில் டயர் மாற்றும் ஃபெராரி கார் பந்தயக் குழுவைப் பார்த்து மாற்றியதை ஒரு கட்டுரையில் படித்தேன். அவர்கள் எடுத்துக்கொண்டது வேகத்தை அல்ல. யாருக்கு எந்த வேலை, யார் தலைமை என்ற ஒழுங்கை. ஒப்புமையின் உயிரே அதுதான்.

சேலத்தில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கிலும் அப்படி வேறோர் இடத்து ஒழுங்கை எடுத்துக்கொள்ள முயன்றோம். ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறும் வண்டிக்கே முதலில் வழி. நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம். சரி, எங்கள் வரிசையில் ஏறும் வண்டி யார்? வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்து, மடியில் டிபன் டப்பாவோடு காத்திருக்கும் பாட்டிகள்! இப்போது அவர்களுக்குத்தான் முதல் டோக்கன். ரிப்போர்ட் வாங்க வந்தவர்களிடம் காரணம் சொன்னதும் தாங்களே ஒதுங்கி நிற்கிறார்கள்.