தக்கோலத்தில் இராஜாதித்தரைக் கொன்றது யார்?

தக்கோலம் போரில் சோழ இளவரசர் இராஜாதித்தரை ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரே நேரில் கொன்றார் என்று தம்பி ஒருவர் தன் பதிவில் எழுதியதை இப்போது பலரும் பகிர்கிறார்கள். வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் சோழபுரம் கல்வெட்டுதான் இதற்கு ஆதாரமாம்.

அந்தக் கல்வெட்டு இருப்பது உண்மைதான். கன்னரதேவர் (கிருஷ்ணரின் இன்னொரு பெயர்) இராஜாதித்தரை எறிந்து, அதாவது தாக்கி வீழ்த்தி, தொண்டைமண்டலம் புகுந்த ஆண்டு என்று சக ஆண்டு 871ஐ (கி.பி. 949-50) குறிக்கிறது. ஆனால் படைத்தலைவன் செய்ததையும் அரசன் கணக்கில் எழுதுவது அந்தக் காலத்து வழக்கம், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கொன்றவர் கிருஷ்ணரின் மைத்துனர், கங்க மன்னர் இரண்டாம் பூதுகர். இதை வெளியாள் யாரும் சொல்லவில்லை, வென்ற பக்கத்தாரே கர்நாடகத்தின் ஆதகூர் கல்லில் பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பரிசாகக் கிருஷ்ணர் பனவாசி 12,000 (எண்ணும் சேர்ந்ததுதான் அந்த நாட்டின் பெயர்) முதலிய நாடுகளைப் பூதுகருக்குக் கொடுத்ததும் அதிலேயே இருக்கிறது. (காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்த காளி என்ற வேட்டைநாய்க்கு எடுத்த நடுகல்லும் அதே கல்தான், பன்றியும் நாயும் மோதும் சிற்பத்தோடு. பார்த்தால் மறக்காது.)

சரிபார்ப்பது சுலபம். கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போக முடியாதவர்கள் கல்வெட்டு வாசகங்களை வெளியிட்ட எபிகிராபியா இண்டிகா என்ற ஆங்கில இதழின் தொகுதிகளை இணையத்தில் இலவசமாக இறக்கி, ஆதகூர், சோழபுரம் இரண்டின் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். தக்கோலம் நம்ம மண்ணில் நடந்த போர், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். தம்பி, பதிவில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.