எதிர்த்து நிற்கும் ஓசை

பவர் மெட்டல் எனும் வேகமான ராக் இசை வகையின் பாடல்கள் வெறும் இரைச்சலும் மிகையுணர்ச்சியும்தான் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1980களில் ஜெர்மனியின் ஹெலோவீன் போன்ற குழுக்கள் வளர்த்தெடுத்த இந்த இசையில், இரட்டைப் பெடலால் இடைவிடாது அதிரும் பேஸ் டிரம்மின் மீது இரண்டு கிட்டார்கள் இணைந்து ஓட, பாடகர் உச்சஸ்தாயியில் பணிய மாட்டோம் என்று அறிவிக்கும்போது, அந்த வேகம் கேட்பவரை அச்சுறுத்துவதில்லை, தாங்கிப் பிடிக்கிறது. சோகச் சாயல் கொண்ட மைனர் சுரவரிசையில் இறுக்கமாக நகரும் சரணம், பிரகாசமாக ஒலிக்கும் மேஜர் சுரவரிசையில் அமைந்த பல்லவியில் திறந்துகொள்வதும், கடைசிப் பல்லவி ஒரு படி மேல் சுருதிக்கு ஏறுவதும் பழகிய உத்திகள்தான். ஆனாலும் (நான் உட்பட) யாருக்கும் அவை சலிப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் இராமநாதபுரக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பா என்ற உழைப்புப் பாட்டில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து ஏற்பதைப் போலவே, பல குரல்களை அடுக்கிப் பதிவுசெய்த கோரஸ் தனியாகக் கேட்பவரையும் ஒரு கூட்டத்துக்குள் நிறுத்திவிடுகிறது. மண்டபம், பாம்பன் பக்கத்து இளைஞர்கள் சிலர் இந்தப் பாடல்களின் ஆங்கில வரிகள் முழுதும் விளங்காமலேயே அவற்றை உரக்கப் பாடுவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். சிந்தசைசர் எனும் மின்னணு இசைக்கருவியின் ஒலியை இக்குழுக்கள் தேவைக்கு மேல் பூசுகின்றன என்ற குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.