ஒரு நாள் சேவை, நாற்பது போட்டோ

ரெண்டு நாளாக இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "அண்ணன் போஸ்ட்ல போய் ஏன் அப்படி எழுதினீங்க?" எந்த போஸ்ட் என்று விளக்கத் தேவையில்லை, பாதிப்பேர் அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறீர்கள். கம்போடியா போய்வந்த அண்ணன் போட்ட அங்கோர் வாட் டூர் ஆல்பம். பாதி கோயில், மீதி அங்கேயே சியம் ரீப் ஊரில் ஒரு அநாதை இல்லத்தில் "ஒரு நாள் சேவை". என் கமெண்ட்டை அழித்துவிட்டார்கள். பரவாயில்லை, இது என் சுவர்.

நான் எழுதியது ஒரே வரி: குழந்தைகள் டூர் பேக்கேஜில் வரும் ஐட்டம் இல்லை. இதில் என்ன மரியாதைக் குறைவு என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை. இதே விஷயத்தை 2011-லேயே கம்போடியாவில் போஸ்டர் அடித்துப் பிரசாரம் செய்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் பிள்ளைகள், சுற்றி நின்று படம் எடுக்கும் டூரிஸ்ட்டுகள். அவ்வளவுதான் அந்தப் போஸ்டர்.

அண்ணனுக்குத் தெரிந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரிந்துகொள்ளுங்களேன். அங்கே உள்நாட்டுச் சண்டையெல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்ந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும். யுனிசெஃப் கணக்குப்படி 2005-க்கும் 2010-க்கும் நடுவில் 75 சதவீதம் கூடியிருக்கின்றன! உள்ளே இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். பிறகு எப்படி அநாதை? டூரிஸ்ட் வருகிறான், டாலர் வருகிறது, டாலருக்குப் பிள்ளை வேண்டும். கிராமத்துக்குப் போய் "படிக்க வைக்கிறோம், சோறு போடுகிறோம்" என்றால் எந்த ஏழைத் தாய்தான் மறுப்பாள்? ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இப்படி இல்லத்துக்குப் பிள்ளை பிடிப்பதையும் அந்தக் கணக்கில்தான் வைத்தது. நாம் ஹார்ட் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

"போனவுடனே ஓடிவந்து கட்டிப்பிடிச்சுக்கிச்சுங்க, அவ்வளவு பாசம்" என்று ஒரு கேப்ஷன். அண்ணே, உங்க பாப்பா முன்பின் தெரியாத ஆளிடம் ஓடிப்போய் இடுப்பில் ஏறிக்கொண்டால் பாசம் என்று பூரிப்பீர்களா, பயப்படுவீர்களா? வாரத்துக்கு ஒரு கூட்டம் வந்து கொஞ்சிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் பிள்ளை அப்படித்தான் ஆகும். யார் வந்தாலும் ஒட்டிக்கொள்ளும், யாரிடமும் ஒட்டாது.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும். நான் ஹோமில் வளர்ந்தவன். கம்போடியாவில் இல்லை, நம்ம தமிழ்நாட்டில். பழைய நண்பர்களுக்குத் தெரியும், புதியவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தார். மாதத்தில் ரெண்டாவது ஞாயிறு என்னைப் பார்க்க வருவார், மஞ்சப்பையில் சீடையும் தேங்காய் எண்ணெயும் இருக்கும். ஒரு ஞாயிறு ஃபாரின் டோனர்கள் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். எங்களை வரிசையாக நிற்க வைத்து "வெல்கம்" பாட்டு. அம்மாவை கேட்டிலிருந்து கூட்டிக்கொண்டுபோய் சமையல்கட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். யாராவது கேட்டால் அம்மா அப்பா இல்லை என்று சொல்லணும். நான் சொன்னேன். ஒரு வெள்ளைக்கார அம்மா அழுதுகொண்டே என் தலையைத் தடவினார். நல்ல மனுஷிதான், அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அழ ஒரு அநாதை தேவைப்பட்டது, நான் இருந்தேன். வேன் கிளம்பியபோது மணி நாலு. அம்மாவுக்கு நாலரைக்குப் பஸ்.

இப்போது சொல்லுங்கள், எனக்குப் பொறாமையா? "சார் கம்போடியா போக முடியாத காண்டு" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம் தம்பி, அதேதான்.

"எல்லா இல்லமும் அப்படியா?" இல்லை. நல்ல இல்லங்கள் உண்டு, நானே ஒன்றில் சாப்பிட்டுத்தான் ஆளானேன். ஆனால் நல்ல இல்லம் வழிப்போக்கனை உள்ளே விடாது. அண்ணன் போன இடத்தில் பாஸ்போர்ட் நம்பர்கூடக் கேட்காமல் ஒரு பஸ் ஆட்களைப் பிள்ளைகள் படுக்கிற அறைவரை விட்டிருக்கிறார்கள். கட்டில் தெரிய செல்ஃபி வேறு!

"வசூல் நின்றால் அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடக்கட்டுமா?" இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ஆனால் தெரிந்தேதான் கேட்கிறேன், அந்தப் பணம் பெற்ற அம்மா கையில் போயிருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும் இல்லையா? அதற்கு போட்டோ கிடைக்காது, அதுதானே பிரச்சினை?

"நீ என்ன கிழிச்ச?" இதற்குப் பதில் சொல்வதாக இல்லை.

போட்டோ என்றதும் இன்னொன்று. நம் நாட்டு இளம்சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் முகம், பெயர், அடையாளம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. ஆறு மாதம்வரை சிறை, இல்லை ரெண்டு லட்சம்வரை அபராதம், இல்லை ரெண்டும். இங்கே ஒரு ஹோமில் அந்தப் படங்களை எடுத்துப் போட யோசித்திருப்பீர்கள். அது கம்போடியா, யார் கேட்கப்போகிறார்கள்? பிறந்தநாளுக்கு ஹோமுக்குப் போய் கேக் வெட்டி வீடியோ போடுகிறவர்களும் கொஞ்சம் இதைப் படியுங்கள். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு, போட்டோக்காரர் வரும்வரை கை வைக்காதே என்று உட்கார வைப்பார்கள். சாம்பார் ஆறிப்போய் மேலே ஆடை கட்டும். பத்து வயதில் பிரியாணி வாசனையை வைத்துக்கொண்டு "ஹேப்பி பர்த்டே" பாடிப் பாருங்கள்.

சியம் ரீப் போங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? கோயிலைப் பாருங்கள், அங்கேயே சாப்பிடுங்கள். சந்தையில் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். டுக்டுக் ஆட்டோக்காரருக்குக் கேட்டதற்கு மேலே ரெண்டு டாலர் கொடுங்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும், அந்த ரெண்டு டாலர் இருந்தால் அதுகள் வீட்டிலேயே இருக்கும். அண்ணன் டேக் செய்த எழுபது பேரும் அன்ஃப்ரெண்ட் செய்வதானால் தாராளமாகச் செய்யலாம். பிள்ளைகள் முகம் தெரியும் படங்களை மட்டும் எடுத்துவிட்டுப் போங்கள்.