ஸ்போக்கின் காதை அழித்த விளம்பரம்

1966ல் அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரை ஒளிபரப்பத் தயாரானபோது, உள்ளூர் நிலையங்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் காட்டுவதற்காக என்பிசி தொலைக்காட்சி ஒரு விற்பனைக் கையேடு அச்சடித்தது. அதில் வேற்றுக்கிரகத்துப் பாத்திரமான ஸ்போக்கின் படத்தில் கூரான காது நுனியையும் மேல்நோக்கி ஏறும் புருவத்தையும் அழித்துவிட்டு, ஆபீசுக்குப் போகிற சாதாரண மனிதர் மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஆள் சாத்தான் மாதிரி இருக்கிறார், பக்திமான்கள் உள்ள ஊர்களில் வாங்கமாட்டார்கள் என்று விற்பனைப் பிரிவுக்குப் பயம். அப்புறம் தொடர் வந்தது. கடிதம் கடிதமாகக் குவிந்தது அந்தக் காதுக்காரருக்குத்தான்.

போன வாரம் ஒரு புதிய விண்வெளித் தொடரின் டிரெய்லரை மகளோடு சேர்ந்து பார்த்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டரை நிமிடம். யார் துரோகி, எந்தக் கிரகம் வெடிக்கிறது, கடைசியில் யார் யாரைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. மேலே எத்தனை கோடி செலவு என்ற கணக்கு வேறு. மகள் "முழுசா பார்த்தாச்சேப்பா" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள், எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு டெல்லி தூர்தர்ஷன் மட்டும்தான். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்து சென்னை நிகழ்ச்சிகள் கிடைப்பதற்கு முந்தைய காலம். எதிர்வீட்டு மாமா வீட்டில் இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்துகிற மரக்கதவு வைத்த டயனோரா பெட்டி இருந்தது, கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஸ்டார் ட்ரெக் வரும். எங்களுக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது, இங்கிலீஷ் என்பது பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நாலு செய்யுள்தான், அதனால் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வரிகூடப் புரியாது, புரியாததால் நாங்களே கதை கட்டினோம். அண்ணன் ஒரு கதை சொல்வான், மாமா அதை மறுத்து வேறொன்று சொல்வார், அத்தை அடுப்படியிலிருந்தே "அந்தக் காதுக்காரன் நல்லவன்தாம்டா, முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்பாள். பல்லாயிரம் மைல் தள்ளி விளம்பரக்காரர்கள் பயந்த முகத்தை, மொழியே தெரியாத அத்தை ஒரு பார்வையில் ஏற்றுக்கொண்டாள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அந்தத் தொடரில் சிவப்புச் சட்டை போட்டவர் செத்துப்போவார் என்று உலகமே பேசுகிற விஷயம் எனக்குத் தெரிய ரொம்ப வருடம் ஆனது, மாமா வீட்டுப் பெட்டியில் எல்லாச் சட்டையும் சாம்பல் நிறம்.

விளம்பரம் மிகைப்படுத்துகிறது என்பது என் புகார் இல்லை. மிகைப்படுத்துகிற விளம்பரத்தை உயிராக நேசித்து வளர்ந்தவன் நான். குதிரைவண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேலே குழாய் ஸ்பீக்கர் வைத்து, "திகில்! திடுக்கிடும் காட்சிகள்! இதயம் பலவீனமானவர்கள் தயவுசெய்து தவிர்க்கவும்! இன்றே கடைசி!" என்று கத்திக்கொண்டே ரோஸ் கலர் நோட்டீஸை வீசிப்போவார்கள், நாங்கள் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடுவோம். அந்தத் தாளில் மை அப்பிய ஒரு பிளாக் படம் இருக்கும், அது பூதமா புகைமண்டலமா என்றுகூடத் தெரியாது. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசுவோம். பிற்பாடு வந்ததே, "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல், அதுவும் எனக்குப் பிடிக்கும். அந்தக் குரல் கேட்டதும் வீட்டில் எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துவோம்.

அமெரிக்காவில் வில்லியம் காஸில் என்று ஒரு படத்தயாரிப்பாளர் இருந்தார். 1958ல் 'மெக்காபர்' என்ற தன் படத்தைப் பார்த்துப் பயந்து யாராவது செத்துப்போனால் ஆயிரம் டாலர் தருவதாக, பார்வையாளர்களுக்கு இன்சூரன்ஸ் பத்திரமே கொடுத்தார். அடுத்த வருடம் இன்னொரு படத்துக்குத் தியேட்டர் நாற்காலிகளுக்கு அடியில் மோட்டார் வைத்து, சரியான கட்டத்தில் அதிரவிட்டார். பொய் என்று சொல்வீர்களா இதை? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிக்கெட் வாங்கினவர் வாசலிலேயே அந்த விளையாட்டில் சேர்ந்துவிடுகிறார், பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பயப்படத் தயாராகிவிடுகிறார். நம் ஊரிலும் 1948ல் சந்திரலேகாவுக்கு வாசன் செய்த விளம்பரம் இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் உள்ளே போனால் அந்த முரசு நடனம் இருந்தது. வாய் எவ்வளவு பேசியதோ அதைவிடக் கை அதிகம் கொடுத்தது.

பழைய விஞ்ஞானத் தொடர்களும் இதே தொழிலைத்தான் செய்தன, வேறு ரூபத்தில். காசு கிடையாது, அதனால் குறைவாகக் காட்டி, மிச்சத்தை நம்மிடம் விட்டார்கள். ஸ்டார் ட்ரெக்கில் மனிதர்கள் மினுமினுத்து மறைந்து வேறு கிரகத்தில் தோன்றுவார்களே, அது எப்படி வந்தது தெரியுமா? வாராவாரம் கப்பல் தரையிறங்குவதைப் படமெடுக்கக் கட்டுப்படியாகவில்லை. ஒளிக்கற்றையில் அலுமினியத் தூளை உதிரவிட்டுப் படமெடுத்து, அதை ஆட்களின் உருவத்தின் மேல் பொருத்தினார்கள். கதவுகள் தானாகத் திறக்காது, பின்னால் நின்று ஆட்கள் இழுப்பார்கள். டாக்டர் மெக்காய் கையில் வைத்திருக்கும் மருத்துவக் கருவிகளில் சில உப்புக் குடுவைகள்! ஒரு கதையில் உப்பு குடிக்கிற ஜந்து வரும், அதற்காக விதவிதமான குடுவைகள் வாங்கியிருக்கிறார்கள், அவை உப்புக் குடுவை மாதிரியே தெரியவில்லை என்று ஒதுக்கிவைத்து, அப்புறம் டாக்டர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 1963ல் தொடங்கிய டாக்டர் ஹூவும் அப்படியே. காலத்தைக் கடக்கும் அந்த நீலப்பெட்டி கிளம்பும்போது வரும் சத்தம், ஒரு பழைய பியானோவின் கம்பியில் வீட்டுச்சாவியை இழுத்து உரசி, அதை ஒலிநாடாவில் மாற்றி மாற்றிச் செய்தது. பிபிசியின் பிரையன் ஹாட்ஜ்சன் செய்தார். அதில் வரும் வில்லன் இயந்திரமான டாலெக்கின் கை, கழிவுத்தொட்டி அடைப்பு எடுக்கிற ரப்பர் குமிழ். இந்தத் தகவல்களெல்லாம் தெரிந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் புல்லரிக்கிறது.

எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டார் ட்ரெக் இரண்டாவது சீசனோடு நின்றுவிடும் என்ற பேச்சு வந்தபோது ரசிகர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். 1968 மார்ச் 1 அன்று அந்த வாரத்துப் பகுதி முடிந்ததும், தொடர் நீடிக்கும், தயவுசெய்து இனி எழுத வேண்டாம் என்று தொலைக்காட்சியிலேயே அறிவித்தார்கள். அத்தனை பாடுபட்டு வாங்கிய மூன்றாவது சீசன் எப்படித் தொடங்கியது? ஸ்போக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போகிற கதையோடு. அதை என்னால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பார்க்க முடியவில்லை. பட்ஜெட்டையும் குறைத்து, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளி, 1969ல் மூடியேவிட்டார்கள். மொத்தம் 79 பகுதி.

செலவைச் சொல்லியே விற்பதும் இன்றைக்கு வந்த பழக்கமில்லை. 1978 செப்டம்பர் 17 அன்று பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற விண்வெளித் தொடர் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியபோது, பகுதிக்குப் பத்து லட்சம் டாலர் என்பதுதான் எங்கும் பேச்சு. முதல் நாளே எகிப்து, இஸ்ரேல் இடையிலான கேம்ப் டேவிட் ஒப்பந்த அறிவிப்புக்காக நடுவில் நிறுத்தினார்கள், பாவம். ஆனால் வாரங்கள் போகப் போக, விண்கலங்கள் சுட்டுக்கொள்ளும் அதே துண்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரே சீசனோடு முடிந்தது. நான் இதைப் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன், பிடிக்கவும் செய்தது, கோபமும் வந்தது. பணத்தைக் காட்டி அழைத்தால் பார்க்கிறவர் பணத்தைத்தான் தேடுவார். அடுத்த வாரம் அதைவிடப் பெரிதாக வெடிக்கவில்லையென்றால் ஏமாந்ததாக நினைப்பார். இன்றைய டிரெய்லர்கள் செய்வது அந்தத் தப்பைத்தான். பழைய நோட்டீஸ் தொண்டை கிழியக் கத்தினாலும் பெட்டியைத் திறந்து காட்டாது. இப்போது பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிக் காட்டிவிட்டு, உள்ளே வா என்கிறார்கள்.

அன்று டிரெய்லர் பார்த்து முடித்த இரவே மகளிடம் ஒரு பழைய கதை பார்க்கலாமா என்றேன். ஸ்டார் ட்ரெக்கில் 1967ல் வந்த 'தி டெவில் இன் த டார்க்' என்ற பகுதி. என்ன கதை என்று கேட்டாள். அந்தக் குதிரைவண்டிக்காரர் குரலில் சொன்னேன்: "பாதாளச் சுரங்கத்தில் பயங்கர பூதம்! மனிதர்களை உருக்கிச் சாம்பலாக்கும் பூதம்! காணத் தவறாதீர்கள்!" விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பூதம் வந்ததும் அவளுக்கு ஏமாற்றம்தான். அது ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர் தவழ்வது, பழைய ஜமுக்காளம் ஊர்வது மாதிரி இருக்கும். "இதுவாப்பா?" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் கட்டையோடு கிளம்புகிறார்கள், கொல்ல வேண்டும் என்கிறார்கள், ஸ்போக் அந்தப் பாறை மிருகத்தின் மேல் கைவைத்து அதன் வலியைத் தன் வலியாகக் கத்துகிறார். அப்போது தெரிகிறது, தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உடைத்துப்போட்ட அந்த உருண்டைக் கற்களெல்லாம் முட்டைகள். பூதம் இல்லை, தாய்.

முடிந்ததும் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி மறுபடி முதலுக்குப் போனாள். சுரங்க அதிகாரியின் அறை வரும் இடத்தில் நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் போய் மேசையைத் தொட்டுக் காட்டினாள். அந்த உருண்டைகளில் ஒன்று அங்கேதான் இருந்தது, அழகுக்கு வைத்த கல் மாதிரி.