ஒசரம் மட்டும் பத்தாதுங்க
கிரீன்லாந்துல வருசா வருசம் எத்தன பனி சேருதுன்னு, நாசாவோட ஐஸ்பிரிட்ஜ்ங்கற பனி அளக்கற திட்டத்து விமானத்துல ரேடார் மாட்டி அளந்தாங்கன்னு உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்க, நல்லா இருந்துச்சுங்க. எங்க கோபி பக்கம் கெணறு வெட்டுனா செவுத்துல செம்மண்ணு, ஓடக்கல்லு, பாறைன்னு பட்டை பட்டையா தெரியுமுங்க, பனியும் அப்படித்தான், கோடைப் பனிக்கும் குளிர்காலப் பனிக்கும் அடர்த்தி மாறுது, மாறுற எடத்துல ரேடார் அனுப்பற ரேடியோ அலை கொஞ்சம் திரும்பி வருது, அதான் கோடு கோடா படத்துல விழுகுது.

ஆனா ஒண்ண விட்டுப்போட்டீங்க. ரேடார் சொல்றது அலை போயிட்டு வந்த நேரத்த மட்டுந்தான். காத்துல நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போற அலை கெட்டி ஐஸுக்குள்ள 1.68 லட்சம்தான் போகும், மேல கெடக்கற லேசான பனில ரெண்டுக்கும் நடுவுல. அப்ப அடர்த்தி தெரியாம ஆழமே சரியா வராதுங்களே. அதுக்குத்தான் ஆளுங்க அங்கயே போயி குழி வெட்டி, துளை போட்டு, பனிய எடுத்து எடை போடறாங்க. 1 மீட்டர் மேல்பனி உருகுனா 30, 35 சென்டிமீட்டர் தண்ணிதான் தேறும். பஞ்சு மூட்டைக்கு ஒசரத்த மட்டும் பாத்து யாராச்சும் வெல பேசுவாங்களா?

அங்க அப்படி அளந்து பாக்கறாங்க, எங்கூர்ல இன்னும் உள்ளங்கையில தேங்காய வச்சுத்தான் போர்வெல்லுக்கு எடம் பாக்கறாங்க. போன வருசம் எங்களுக்கு 900 அடி, வெறும் புழுதி.